சம்பந்தி வீட்டுப் புகை

பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடம் இது. ஆனால் உங்கள் நலத்தை நான் தினமும் காதால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றுக் காலை உங்கள் அடுப்பறையில் யாரோ ரொட்டித் தட்டைக் கீழே போட, நீங்கள் வைத வசவு மூடிய ஜன்னலையும் தாண்டி நாலு வீட்டுக்குக் கேட்டது. ஆகவே நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எட்டடிச் சந்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் கடிதமா என்று உங்கள் மகள், அதாவது என் மருமகள், சிரிக்கிறாள். என்ன செய்வது? என் சலவைக் கடை வாசலில், வாடிக்கையாளர்கள் முன்னால், "உங்க கிட்ட வெள்ளைத் துணி போட்டா சாம்பல் நிறத்துலதான் திரும்பி வருது" என்று நீங்கள் சொன்ன அன்றே உங்களோடு வாய்ப்பேச்சு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதற்குச் சற்று முன்பு நான், "உங்க அடுப்பு ரொட்டி சுடலை, கரி சுடுது" என்று சொன்னது உண்மைதான். நான் சொன்னது விமர்சனம். நீங்கள் சொன்னது அவதூறு.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் மருமகள் ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். விரல் கறுப்பு. "மாமா, பிள்ளை பிறக்கப்போற வீடு இது. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து வெச்ச வீட்டுக்குப் போயிடுவோம்" என்றாள். என் மகன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவன் தலையை எடுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

ஞாயிறுதோறும் மொட்டை மாடிக் கொடியில் ஒரு வெள்ளைத் தலையணை உறையைப் போடுவாளாம். சாயங்காலம் அதில் கரிப்பொட்டு இருக்கக் கூடாது. இதுதான் அவள் தீர்ப்பு சொல்லும் முறை.

நான் பாதி ஆயுளைக் கப்பல் கொதிகலன் முன்னால் கழித்தவன். என் மகன் நடக்கப் பழகியதைக் கடிதத்தில்தான் படித்தேன். பேரப்பிள்ளை நடப்பதையாவது கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே, தயவுசெய்து, உங்கள் புகையை நிறுத்துங்கள்.

வழியையும் நானே சொல்கிறேன். விறகில் பாதி கரி. மீதியில் பெரும்பங்கு பிராணவாயு, கொஞ்சம் ஹைட்ரஜன். இவற்றை வைத்துக் கணக்கிட்டால், நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோ முழுதாக எரிய ஆறு கிலோ காற்று வேண்டும். அடுப்புக்குள் காற்று எல்லா மூலைக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேராது என்பதால் அதற்கு மேல் பாதி கூடுதலாகவும் விட வேண்டும். காற்று குறைந்தால் கரி எரியாமல் புகையாகக் கிளம்பி என் துணியில் வந்து உட்காரும். உங்கள் விறகு ஈரமாக இருக்கிறது என்பது என் சந்தேகம். அடுப்புக்கு அடியில் காற்று நுழையும் சாம்பல் கதவையும் நீங்கள் பாதி மூடி வைத்திருக்கிறீர்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இப்படிக்கு,
சலவைக் கடையிலிருந்து சம்பந்தி

&nbsp;

பிப்ரவரி 4

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காற்றைக் கிலோவில் எழுதும் மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். எந்தக் கடையில் நிறுத்துக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தால் ஆள் அனுப்பியிருப்பேன்.

என் விறகு அடுப்பின் கூரை மேல் வாரக்கணக்கில் கிடந்து காய்கிறது. சாம்பல் கதவு திறந்தேதான் இருக்கிறது. புகை வந்ததே உங்கள் சலவைக் கொதிகலனில் எரிக்கிற எண்ணெயிலிருந்துதான். கறுப்புப் பாகு மாதிரி இருக்கிற ஒன்றைப் பீப்பாய் பீப்பாயாக இறக்கி எரித்துவிட்டு, விறகு எரிக்கிறவளைப் பார்த்துப் புகை என்கிறீர்களே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த வசவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாக என் அடுப்பறைக் கதவுக்குப் பிடித்திருக்கிறது பைத்தியம். கைப்பிடியைத் திருப்பினால் போதும், உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி படாரென்று உள்பக்கம் அடித்துக்கொள்கிறது. தட்டோடு நுழைகிறவர் தட்டோடு விழுகிறார். கதவு மூடியிருந்தாலோ கீழ் இடுக்கில் விசில். போதாக்குறைக்கு எனக்கு மத்தியானம் ஆனால் மண்டையிடி. எல்லாம் உங்கள் சோப்பு ஆவியால். அது என் பிசைந்த மாவின் மேல் வந்து உட்கார்ந்து ரொட்டியில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னாரே, அன்றே சந்துப் பக்கத்து ஜன்னலை அடைத்துவிட்டேன். இடுக்கிலெல்லாம் பழைய மாவு மூட்டைச் சாக்கைத் திணித்தும் இருக்கிறேன். இனி உங்கள் ஆவி நுழையாது.

மகள் என்னிடமும் வந்து அதையேதான் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் போன பிறகு மாவில் உப்புப் போட மறந்தேன். ஒரு அடுப்பு ரொட்டியும் சப்பென்று போயிற்று. அவ்வளவுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
ரொட்டிக் கடை

&nbsp;

பிப்ரவரி 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

என் எண்ணெயை அவமதித்திருக்கிறீர்கள். அதன் வெப்ப மதிப்பு தெரிந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். ஒரு கிலோ எண்ணெய் ஏறக்குறைய பத்தாயிரம் கிலோ கலோரி வெப்பம் தரும். உங்கள் விறகு மூவாயிரத்து ஐந்நூறு தந்தால் பெரிது. என் ஒரு கிலோவுக்கு உங்கள் மூன்று கிலோ சமம்.

விறகு காய்ந்தது என்று சொன்னால் போதாது. ஒரு கட்டையை நிறுத்துப் பாருங்கள். அடுப்பின் வாயருகே ஒரு முழு நாள் வையுங்கள். மறுபடி நிறுங்கள். குறைந்தது எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு கிலோவும் ஆவியாகிப் போகும்போது அறுநூறு கிலோ கலோரியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் வெப்ப மதிப்பில் மொத்தம் என்று ஒன்றும் நிகரம் என்று ஒன்றும் இருக்கின்றன. சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு என்பது போல.

சோப்பு ஆவி பற்றி எழுதியிருந்தீர்கள். நான் என்ன சும்மாவா இருக்கிறேன்? உங்கள் கரி உள்ளே வராதபடி நானும் என் கொதிகலன் அறை ஜன்னலை ஆணி அடித்து, கண்ணாடியை ஒட்டப் பூசும் மக்குப் பசையால் சுற்றிலும் பூசிவிட்டேன். கப்பலில் கடல் நீரே நுழையாதபடி பூசியவன் நான். கதவுதான் கொஞ்சம் தொந்தரவு. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, இழுத்தால் வருவதில்லை. துரு பிடித்திருக்க வேண்டும். கீலுக்கு எண்ணெய் விட்டேன். எனக்கும் மண்டையிடிதான். காரணம் இந்தக் கடிதப் போக்குவரத்து.

இப்படிக்கு,
சம்பந்தி

&nbsp;

பிப்ரவரி 10

சம்பந்தி அவர்களுக்கு,

நிறுத்தேன். பத்து கிலோ கட்டு எட்டு கிலோ ஆனது. இதைவிடக் காய்ந்த விறகு வேண்டுமென்றால் நாற்காலியைத்தான் உடைக்க வேண்டும். சாம்பல் கதவை அகலத் திறந்தேன். நீங்கள் சொன்னபடியே. புகை ஒரு நூல்கூடக் குறையவில்லை. நிகரமாவது மொத்தமாவது, உங்கள் கணக்கின் கைக்கு வந்த பலன் பூஜ்யம்.

ஞாயிறன்று தலையணை உறை தோற்றுவிட்டது, பார்த்திருப்பீர்கள். மிளகு தூவிய மாதிரி. மகள் அதை மடித்து வைத்தாள்.

உங்கள் தாளை எடுத்து மறுபடி படித்தேன். சின்ன வயதில் கணக்கில் நான் ஒன்றும் மோசமில்லை. என் விறகு ஈரத்தையும் சேர்த்தால் கிலோவுக்கு ஐந்து கிலோ காற்றுக்குக் கொஞ்சம் குறைவு, கூடுதலுக்கு அதில் பாதி, மணிக்கு இருபது கிலோ விறகு. பெருக்கிப் பார்த்தேன். மணிக்கு நூற்று நாற்பது கிலோ காற்றுக்கு மேலேயே வருகிறது. எனக்கு மாவு மூட்டை இறக்குகிறவர்கூட ஒரு நாளில் அவ்வளவு இறக்குவதில்லை. இத்தனை காற்றை எனக்கு யார் கொண்டு வந்து இறக்குகிறார்கள் என்று உங்கள் கணக்கில் ஒரு வரிகூட இல்லையே. எத்தனை மூட்டை வேண்டும் என்று எழுதுகிறவர், எந்த வாசல் வழியாக வரும் என்றும் எழுத வேண்டாமா?

இப்படிக்கு,
ரொட்டிக் கடை

&nbsp;

பிப்ரவரி 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

காற்று எங்கிருந்து வரும் என்று கேட்பது, மீனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பது போல. காற்று எங்கும் இருக்கிறது. கேலி செய்வதற்காக ஒரு நல்ல கணக்கைக் கெடுக்காதீர்கள்.

சம்பந்தி

&nbsp;

பிப்ரவரி 13

சம்பந்தி அவர்களுக்கு,

சண்டைக்கு இல்லை இந்தக் கடிதம். இன்று மகள் வந்து என் அளவு நாடாவைக் கேட்டு வாங்கிப் போனாள். எதற்கு என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கவாம். "சும்மா அளந்து வைக்கிறேம்மா, போறதா இருந்தாத்தானே" என்றாள். அளந்து வைக்கிறவள் போகத்தான் போவாள். அவள் என் மகள், எனக்குத் தெரியும்.

உங்கள் மேல் எனக்கு ஆயிரம் கோபம். ஆனால் அவளைப் போக விட எனக்கு மனமில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

&nbsp;

பிப்ரவரி 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உடனே ஒரு காரியம் செய்யுங்கள். மருமகளிடமிருந்து அந்த நாடாவைத் திரும்ப வாங்குங்கள். வாங்கி, உங்கள் அடுப்பறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து அனுப்புங்கள். காரணம் பிறகு. நான் என் அறையைக் காலடியாலேயே அளந்துவிட்டேன்.

அவசரம்.

சம்பந்தி

&nbsp;

பிப்ரவரி 14, மாலை

அளந்தேன். நீளம் ஐந்து மீட்டர், அகலம் நான்கு, உயரம் மூன்று. நாடாவைக் கேட்டதற்கு மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எதற்கு இதெல்லாம்?

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கேள்வியைக் கேலி என்று நினைத்தேன். பிறகு அதைக் கேலி என்றே நினைத்துக்கொண்டு, உங்களுக்குப் பதிலடி கொடுப்பதற்காக, காற்று எந்த வாசல் வழியாக வருகிறது என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. வாசலே இல்லை.

கேளுங்கள். உங்கள் அடுப்பு மணிக்குக் குடிக்கும் காற்றைக் கன அளவில் சொன்னால் நூற்று இருபது கன மீட்டர். உங்கள் அறையில் இருப்பது மொத்தமே அறுபது. அரை மணியில் அறை முழுவதும் காலி. என் கொதிகலன் கதை அதைவிட மோசம். எண்ணெய் கிலோவுக்குப் பதினான்கு கிலோ காற்று கேட்கும். மணிக்குப் பத்துக் கிலோ எரிக்கிறேன். கூடுதலையும் சேர்த்தால் என் அறைக் காற்று மணிக்கு மூன்று தடவை தீர்ந்துபோகிறது. நாம் இரண்டு பேரும் என்ன செய்திருக்கிறோம்? நீங்கள் சாக்கைத் திணித்தீர்கள். நான் மக்குப் பூசினேன்.

உங்கள் கதவை உள்ளேயிருந்து இழுத்தது உங்கள் அடுப்பேதான். காற்றுக்காக இழுத்திருக்கிறது. விசில் அடித்ததும் அதுதான். என் கதவில் துரு இல்லை, வெளிப்பக்கம் திறக்க விடாமல் என் கொதிகலனே பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மண்டையிடியும் சோப்பாலோ கடிதத்தாலோ வரவில்லை. காற்றுப் போதாமல் எரிகிற நெருப்பு விடும் நச்சு வாயு அது. இனி ஒரு நாள்கூட அந்த அறையில் அப்படி நிற்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அறைக் கதவைத் திறந்து முட்டுக் கொடுத்து வையுங்கள்.

ஆக, உங்கள் புகைக்கு அஞ்சி நான் ஜன்னலை அடைத்தேன், என் நெருப்பு புகைந்தது. என் ஆவிக்கு அஞ்சி நீங்கள் அடைத்தீர்கள், உங்கள் நெருப்பு புகைந்தது. தலையணை உறையில் விழுந்தது இரண்டு வீட்டுக் கரியும்தான்.

இன்னொன்றும் கணக்கில் வந்தது. சொல்லாமல் மறைக்கலாம், மனம் வரவில்லை. என் ஒரு கிலோ எண்ணெய் உங்கள் மூன்று கிலோ விறகுக்குச் சமம் என்று பெருமை அடித்தேன். ஆயிரம் கிலோ கலோரி வெப்பத்துக்கு எவ்வளவு காற்று என்று பார்த்தால், எண்ணெய்க்கு ஒரு கிலோ நானூறு கிராம், விறகுக்கும் அதேதான். வெப்பம் ஒன்றானால் இரண்டும் ஒரே அளவு காற்றைத்தான் குடிக்கின்றன. உசத்தி தாழ்த்தி ஒன்றும் இல்லை.

ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

சம்பந்தி

&nbsp;

பிப்ரவரி 16

சம்பந்தி அவர்களுக்கு,

படித்தேன். கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் மண்டையிடி வரவில்லை. உங்களை நம்புகிறேன்.

ஆனால் ஜன்னலை முதலில் நீங்கள்தான் திறக்க வேண்டும். நான் மட்டும் திறந்து, நீங்கள் திறக்காவிட்டால், உங்கள் கொதிகலன் புகை நேரே என் மாவில்தான் இறங்கும். அடைத்ததிலும் நீங்கள்தான் முதல்.

&nbsp;

பிப்ரவரி 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அடைத்ததில் நீங்கள் முதல். நான் இரண்டாவது. இதற்குச் சாட்சி என் மகன், ஆனால் அவன் தட்டிலிருந்து தலையை எடுக்க மாட்டேன் என்கிறான்.

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் மட்டும் திறந்தாலும் அதே கதைதான். இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஞாயிறு காலை உங்கள் முதல் தட்டு வெளியே வரும்போது மணி அடிப்பீர்களே, அதுதான் அடையாளம். மணிச் சத்தம் கேட்டதும் நான் திறப்பேன். நீங்களும் திறக்க வேண்டும். ஏமாற்றக் கூடாது.

பூசிய மக்கு கல்லாக இறுகிவிட்டது. உளியால் கொத்திக்கொண்டிருக்கிறேன். கடல் நீர் நுழையாது என்று பீற்றிக்கொண்டதற்குத் தண்டனை.

&nbsp;

பிப்ரவரி 22

சம்பந்தி அவர்களுக்கு,

நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் எப்படிப் பார்த்தீர்களோ தெரியாது. என் பக்கம் இப்படி.

மணியை அடித்துவிட்டுச் சாக்கைப் பிடுங்கினேன். நான்காவது சாக்கை இழுக்கும்போதே காற்று என் கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே நீங்கள். மீசை, புருவம், தலை எல்லாம் மக்குப் பொடி. கையில் உளி. பேயைப் பார்த்தவள் மாதிரி நின்றேன். என் தலையிலும் மாவுதான் என்பது கண்ணாடி பார்த்த பிறகே தெரிந்தது. முதலில் சிரித்தது நீங்கள். நான் அல்ல. இதை எழுத்தில் வைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் அடுப்பில் அழுக்குச் சிவப்பாக நெளிந்துகொண்டிருந்த தீ பளிச்சென்று நிமிர்ந்து எரிகிறது. கதவு சொன்ன பேச்சைக் கேட்கிறது. ரொட்டி அன்று சீக்கிரமே வெந்துவிட்டது. விறகும் குறைவாகத்தான் செலவாயிற்று. ஒரு தட்டு கருகிவிட்டது, அது தீ நன்றாக எரியும் என்று நான் எதிர்பார்க்காததால்.

சாயங்காலம் மாடியில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், நீங்கள் ஓடி வந்த வேகத்தில் பாதியைக் கவனித்திருக்க மாட்டீர்கள். மகள் உறையை எடுத்து விரித்தாள். பளீரென்று வெள்ளை. ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு. என் உயிர் போய்விட்டது. நீங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, இது விறகுக் கரியா எண்ணெய்க் கரியா என்று ஆராய ஆரம்பித்துவிட்டீர்கள். அவள் அவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விடுங்க மாமா, அது நான் தின்ன சாக்லேட் பன்னு." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் கண்ணாடியைத் துடைத்தீர்கள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இன்று மறுபடி வந்து அளவு நாடாவைக் கேட்டாள். பகீரென்றது. தொட்டில் போட இடம் அளக்கவாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை தலையை நிமிர்த்தியே சொன்னாராம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. பச்சைக் குழந்தைக்கு மணிக்கு எவ்வளவு காற்று வேண்டும்? ஈரம், கூடுதல் எல்லாம் சேர்த்துச் சரியாகப் போட்டு அனுப்புங்கள். தொட்டில் என் பக்கத்து ஜன்னலுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஓர் ஆதாரம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

&nbsp;

மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இதுவரை நம் கடிதங்களைச் சுமந்த உங்கள் மகள் மாடிப்படி இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், துணி உலர்த்தும் நீளக் கம்பின் நுனியில் கவ்வியால் மாட்டி இந்தக் கடிதத்தை உங்கள் ஜன்னலுக்கு நீட்டுகிறேன். திரும்பி வரும் கம்பில் ஒரு ரொட்டி மாட்டியிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீங்கள் கேட்ட கணக்குக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. பேத்தி வீட்டுக்கு வரட்டும், எடையைத் தெரிந்துகொண்டு போடலாம் என்று இருந்தேன். இன்று காலை புத்தகத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, தாளில் கோடு போட்டேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள். என் கடையில் இஸ்திரிப் பெட்டி நின்றது. உங்கள் கடையில் மாவு பிசைகிற சத்தம் நின்றது. நானும் ஜன்னலுக்கு வந்தேன், நீங்களும் வந்தீர்கள்.

கணக்குப் போடவில்லை. வேண்டிய காற்று அவளுக்குக் கிடைக்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. அந்தக் குரல் சந்தேகமில்லாமல் உங்கள் குரல். நாலு வீட்டுக்குக் கேட்டது.

இது விமர்சனம் அல்ல.

சம்பந்தி